குலைக்கு 24 மணி நேரம், வயிற்றுவலிக்கு எத்தனை நாள்?



காலையில் பெரட்டுக்கு முன்னால் மருந்துக்கூடத்துக் கதவைத் திறந்தவுடன் நான் அதிகமாகக் கேட்கிற வார்த்தை எது தெரியுமா? "டிரெசர் ஐயா, கேஸ்ட்ரிக் மருந்து கொஞ்சம் குடுங்க." காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் வருகிறவர்களைவிட இப்படிக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். என்ன நோய் என்று என்னிடம் கேட்பதில்லை. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அவர்களே முடிவு செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். நானும் பல நாள் அந்த வெள்ளை மருந்தை ஊற்றிக் கொடுத்து, கார்டில் "கேஸ்ட்ரிக்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத ஒரு நாளைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

ஜெஞ்சாரோம் பக்கத்தில் நான் வேலை பார்த்த ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். குலை வெட்டுகிற ஆள், நாற்பது வயதுக்குள். ராத்திரி மேல்வயிற்றில் வலி கண்டிருக்கிறது. வீட்டில் ஓமத்தண்ணி, இஞ்சிச்சாறு, பிறகு கடையில் வாங்கின உப்பு. மறுநாள் காலையில் என்னிடம் வந்தார். முன்பக்கம் குனிந்தபடியே நடந்து வந்தார். அதை நான் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. "குடிச்சியாப்பா?" என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா" என்றார். பக்கத்தில் அவர் சம்சாரம் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கும்போது அப்படிக் கேட்டது என் தப்பு. வெள்ளை மருந்து கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் நாள் வாந்தி நிற்கவில்லை. வேன் கேட்டால், வேன் வேறு வேலைக்குப் போயிருக்கிறது, சாயங்காலம் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் நாள்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் லைப்பேஸ் என்கிற சத்து, இருக்க வேண்டிய அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேலே. கணையம் வெந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். 19 நாள் படுக்கை, அதில் ஒரு வாரம் தீவிரச் சிகிச்சைப் பிரிவு. பிழைத்து வந்தார். ஆனால் பழைய ஆளாக வரவில்லை, பழைய கம்பை இன்று வரைக்கும் தூக்க முடியவில்லை.

லைப்பேஸ் என்றால் என்ன? புத்தகத்துப் பாஷையில் சொன்னால் உங்களுக்குப் புரியாது, எனக்கும் பாதிதான் புரியும். நம்முடைய வேலையை வைத்தே சொல்கிறேன்.

செம்பனைக் குலை கீழே விழுந்து அடிபட்டால் என்ன ஆகும்? பழம் நசுங்கின இடத்தில் எண்ணெய் கெட ஆரம்பிக்கும். மில்லில் "எஃப்.எஃப்.ஏ. ஏறிப்போச்சு" என்பார்கள். இந்த ஆசிட் எங்கிருந்து வருகிறது? பழத்துக்குள்ளேயே ஒரு நொதி இருக்கிறது. பழம் முழுசாக இருக்கும்வரை அது ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். பழம் நசுங்கினால் இரண்டும் கலந்து, நொதி எண்ணெயைத் தின்று ஆசிட்டாக்கிவிடுகிறது. அதனால்தான் வெட்டின குலையை 24 மணி நேரத்துக்குள் மில்லில் சேர்க்கச் சொல்கிறார்கள். மில்லில் முதல் வேலையாக நீராவியில் வேகவைப்பதும் அந்த நொதியைச் சாகடிப்பதற்குத்தான். அந்த நொதியின் பெயரும் லைப்பேஸ்தான்! கொழுப்பை உடைக்கிற நொதி எதுவானாலும் லைப்பேஸ்தான், செம்பனையில் இருந்தாலும் சரி, மனுஷன் வயிற்றில் இருந்தாலும் சரி.

நம் வயிற்றில் அதைச் செய்கிற இடம் கணையம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, இலை மாதிரி கிடக்கிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் சாற்றைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. நாம் தின்னும் சோற்றை உடைக்க அமிலேஸ், கறியையும் பருப்பையும் உடைக்க டிரிப்சின், எண்ணெயை உடைக்க லைப்பேஸ், எல்லாம் அந்தச் சாற்றில்தான் இருக்கின்றன. சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிற இன்சுலினும் இதே கணையத்திலிருந்துதான் வருகிறது, ஆனால் அது நேரே ரத்தத்துக்குப் போகும். கணையத்துக்கு அடிபட்டால், அதாவது கல் அடைத்தோ சாராயம் சுட்டோ அதன் செல்கள் நசுங்கினால், குடலுக்குப் போக வேண்டிய நொதி அங்கேயே கசிந்து, கணையத்தையும் அதைச் சுற்றியுள்ள கொழுப்பையும் செரிக்க ஆரம்பிக்கும். நம் வயிறே நம்மைத் தின்கிறது! அப்படி உடைந்த கொழுப்பு ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, உள்ளே சவுக்காரம் மாதிரியே உறைந்துபோகும். கசிந்த நொதியில் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். அந்தக் கொஞ்சத்தைத்தான் ஆஸ்பத்திரியில் அளக்கிறார்கள்.

இது புதுசாகக் கண்டுபிடித்த பரிசோதனையும் இல்லை. 1908இல் பெர்லினில் வோல்கெமூத் என்பவர் மூத்திரத்தில் இந்த மாவு உடைக்கும் நொதியை அளக்க வழி சொன்னார். 1929இல் அமெரிக்காவில் எல்மன் என்ற அறுவை மருத்துவரும் அவரோடிருந்தவர்களும் ரத்தத்தில் அமிலேஸை அளந்து கணைய நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். 1932இல் செர்ரி, கிராண்டல் என்ற இருவர் லைப்பேஸை அளந்தார்கள். எப்படி அளந்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆலிவ் எண்ணெயில் ரத்தச் சீரத்தைக் கலந்து, 24 மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து, எவ்வளவு ஆசிட் உண்டாகியிருக்கிறது என்று பார்த்தார்களாம். நம்முடைய மில் லேபில் எண்ணெயை வைத்துக்கொண்டு நிற்கிற பையன் செய்கிற வேலையேதான்! இப்போது மெஷின் வந்துவிட்டது, ரத்தம் கொடுத்த அன்றைக்கே பதில் கிடைக்கும்.

சரி, இதிலே நம்முடைய சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நேரம்தான் வேலை.

வலி கண்ட சில மணி நேரத்திலேயே இரண்டு நொதியும் ரத்தத்தில் ஏறிவிடும். ஆனால் அமிலேஸ் சீக்கிரம் இறங்கிவிடும், மூன்று முதல் ஐந்து நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். லைப்பேஸ் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரைக்கும் ஏறியே இருக்கும். நம்முடைய ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்போது? ஓமத்தண்ணி ஒரு நாள், என்னுடைய வெள்ளை மருந்து ஒரு நாள், பூசாரி மந்திரித்த விபூதி ஒரு நாள், சம்பள நாள் வரட்டும் என்று இன்னொரு நாள். அதற்குள் அமிலேஸ் இறங்கியிருக்கும். அமிலேஸ் மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, கேஸ்ட்ரிக்தான்" என்று திருப்பி அனுப்ப இடமுண்டு. தாமதமாகப் போகிறவர்கள் "வலி ஆரம்பிச்சு இத்தனை நாளாச்சு" என்று நாளைச் சரியாகச் சொல்ல வேண்டும். "நேத்துதான்" என்று பொய் சொன்னால் டாக்டர் தப்பான கணக்குப் போடுவார்.

அமிலேஸில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அது எச்சிலிலும் சுரக்கிறது. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்கு ரத்தத்தைப் பார்த்தால் அமிலேஸ் ஏறித்தான் இருக்கும், கணையம் நன்றாகவே இருந்தாலும். ஆகவே லைப்பேஸை நம்புவதே நல்லது என்பது என்னுடைய கட்சி, இப்போது டாக்டர்கள் பெரும்பாலும் அந்தக் கட்சிதான். லைப்பேஸ் மட்டும் பொய் சொல்லாதா? சொல்லும். கிட்னி கெட்டவர்களுக்கும் சர்க்கரை முற்றி மயங்கி வந்தவர்களுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால்தான் உலக வைத்தியர்கள் 2012இல் கணக்கைத் திருத்தி எழுதியபோது மூன்று விஷயத்தில் இரண்டு பொருந்த வேண்டும் என்றார்கள்: அந்த நோய்க்கே உரிய வலி, லைப்பேஸ் அல்லது அமிலேஸ் சாதாரண உச்ச அளவைப்போல் மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கேனில் தெரிவது. வலியும் ரத்தமும் பொருந்தினால் ஸ்கேனுக்காகக் காத்திராமல் வைத்தியத்தை ஆரம்பிக்கலாம். நமக்கு இதுவே பெரிய உதவி.

அந்த வலி எப்படி இருக்கும்? மேல்வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே, திடீரென்று பிடிக்கும். துளைத்துக்கொண்டு முதுகுப் பக்கம் போகும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை. வாந்தி வரும், வாந்தி எடுத்தபிறகும் வலி குறையாது. மணிக்கணக்காக இருக்கும். கேஸ்ட்ரிக் வலி அப்படியல்ல, மருந்து குடித்தால் கொஞ்சமாவது கேட்கும். மாரடைப்பும் சில பேருக்கு இதே இடத்தில்தான் வலிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எதுவானாலும் அது மருந்துக்கூடத்தில் வைத்துப் பார்க்கிற வலியில்லை.

இனி, குடி விஷயம். இதை மூடி மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. சம்சு நம்முடைய லயங்களில் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்காக அதிகம் குடிப்பவருக்குக் கணையம் வேகும், திரும்பத் திரும்ப வேகும். ஆனால் ஒன்று. கணைய நோய் வந்தவர்களெல்லாம் குடிகாரர்களில்லை. உலகம் முழுவதும் இந்த நோய்க்குப் பெரிய காரணம் பித்தப்பைக் கல்தான், குடி அதற்கு அடுத்தது.

உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மா ஒருவர், ஐம்பது வயசிருக்கும், வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவருக்கு இந்த நோய் வந்தபோது, "அது குடிகாரனுக்கு வர்ற வியாதியாச்சே" என்று லயத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது. மாமியார் வீட்டில்கூடக் கேட்டார்களாம். ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்ட் பார்த்தால் பித்தப்பையில் கல். கல் நழுவி, பித்தமும் கணையச் சாறும் சேர்ந்து இறங்குகிற வாயை அடைத்திருக்கிறது. பித்தப்பையை எடுத்தார்கள், சரியாகிவிட்டது. நோயைவிட அந்தப் பேச்சுதான் அவரை ரொம்பச் சுட்டது என்று என்னிடம் சொன்னார். எல்லாத் தோட்டத்திலும் இருக்கிற வாய்களுக்குச் சொல்கிறேன்: லைப்பேஸ் நம்பர் நோயைச் சொல்லும், யாருடைய நடத்தையையும் சொல்லாது.

குடிக்கிறவர்கள் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. போலீஸுக்குச் சொல்லுகிறோம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், அல்லது எஸ்டேட்டுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று. டாக்டர் கேட்பது காரணத்தைக் கண்டுபிடிக்க. கல்லா, சாராயமா, ரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மீறியதா என்று பார்த்தால்தான் அடுத்த முறை வராமல் தடுக்க முடியும். நான் இப்போது குடியைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் சம்சாரத்தையும் பிள்ளைகளையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். மற்ற டிரெசர்மார்களுக்கும் அதையே சொல்லுவேன். மருந்து அடிக்கிற வேலை செய்கிறவர்கள் என்ன மருந்து அடித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் என்கிற வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் அமிலேஸும் லைப்பேஸும் ஏறும், சில சமயம் கணையமே வெந்துபோகும்.

நம்பரைப் பற்றி இன்னொரு வார்த்தை. வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடந்துகொண்டு, "அவனுக்கு 900, எனக்கு 3000, எனக்குத்தான் மோசம்" என்று அழுதவரைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு. எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்பதை வைத்து நோய் எவ்வளவு கடுமை என்று சொல்ல முடியாது. 900 உள்ளவர் போய்ச் சேருவதும் உண்டு, 3000 உள்ளவர் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போவதும் உண்டு. மூச்சு, மூத்திரம், ரத்த அழுத்தம், இவற்றைத்தான் டாக்டர்கள் மணிக்கு மணி கவனிக்கிறார்கள். தினமும் லைப்பேஸ் எடுக்கவில்லையே என்று நர்சம்மாவிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். நோய் இன்னதென்று தெரிந்தபிறகு அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் லாபமில்லை.

வலி ஒன்றும் இல்லாதவர்கள் இந்தப் பரிசோதனைக்காகப் பணம் செலவழிக்கவும் வேண்டாம். "முழு உடம்புப் பரிசோதனை" என்று பேக்கேஜ் விற்க வருகிறவர்கள் தாளில் அமிலேஸையும் சேர்த்து நீளமாகக் காட்டுவார்கள். கொஞ்சம் கூடக்குறைய வந்தால் பயந்து தூக்கம் கெடும், அவ்வளவுதான். அந்தப் பணத்துக்குப் பிள்ளைகளுக்கு மீனும் முட்டையும் வாங்குங்கள்.

வேறொரு வகையும் இருக்கிறது, அது சத்தம் போடாமல் வருகிறது. கணையம் வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து, உள்ளேயே சுண்ணாம்புக் கல் கட்டிவிடும். ஆள் மெலிந்துகொண்டே போவார், மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கும், இளவயதிலேயே சர்க்கரை வந்துவிடும். 1959இல் சுய்தேமா என்பவர் இந்தோனேசியாவில் ஏழை இளைஞர்களிடம் இதைக் கண்டு எழுதினார். கேரளத்தில் டாக்டர் ஜீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து 1968இல் ஒரு புத்தகமே போட்டார். சென்னையிலும் டாக்டர் மோகன் போன்றவர்கள் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டன் பாட்டிகள் மரவள்ளியைத் தின்றுதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதால் இதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. ஆனால் கிழங்கு மேல் போட்ட பழி நிரூபணமாகவில்லை. பரம்பரைக் கூறும் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. நான் சொல்ல வந்தது, இந்த வகையில் ரத்தத்தில் லைப்பேஸ் சாதாரணமாகவே இருக்கலாம். காய்ந்துபோன மரத்தைச் சீவினால் பால் எங்கிருந்து வரும்? இவர்களுக்கு மலத்தில் எலாஸ்டேஸ் என்கிற இன்னொரு கணைய நொதியை அளப்பார்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கணையம் போதுமான அளவு சுரக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அங்கே ஏறினால் நோய், இங்கே இறங்கினால் நோய். ஆகவே "ரத்தம் பார்த்தாச்சு, நார்மல்" என்று சொல்லி, மெலிந்துகொண்டே போகிற ஆளை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. லைப்பேஸ் பார்க்கிற மெஷினைத் தோட்டத்தில் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பந்திங்கில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரிய கேஸ் என்றால் கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜெஞ்சாரோம் வட்டாரத்திலிருந்து இரண்டும் எட்டாத தூரமில்லை. நான் கேட்பது வேன் சாவியை. ராத்திரி பத்து மணிக்கு மேல் வேன் சாவி யாரிடம் இருக்கிறது, டிரைவர் எந்த வீட்டில் இருக்கிறார், இந்த இரண்டும் மருந்துக்கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பழக்குலை 24 மணி நேரத்தைத் தாண்டி ரோட்டோரம் கிடந்தால் மண்டோரைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். லாரி கெட்டுப்போனால் வாடகை லாரி பிடித்தாவது அனுப்புகிறீர்கள். அந்தக் குலையை வெட்டினவனுக்கு மூன்று நாள் ஏன் ஆகிறது? எஃப்.எஃப்.ஏ. 5 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெய் வாங்குகிறவன் கேட்பான், அதற்கு ரிப்போர்ட் எழுத ஆள் இருக்கிறது. இதற்கு யார் ரிப்போர்ட் எழுதுகிறார்கள்?

வேன் இல்லையென்றால் 999க்குப் போன் செய்யுங்கள், காத்திருக்க வேண்டாம். சம்பளம் போய்விடுமே என்று பயந்து வலியோடு பெரட்டுக்கு நிற்கிறவர்களுக்கு: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்க்க நேர்ந்தால் வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எம்.சி.யைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவித்துவிடுங்கள். தெரிவித்தும் கிராணி இல்லை என்று சொன்னால் தலைவரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிற பங்களாதேஷ், இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதே சட்டம்தான். அவர்களுக்குப் பாஷை தெரியாது, வலி வந்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் படுத்துக் கிடப்பார்கள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்து எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அப்படி வலி வந்தால், கிளம்புமுன் எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள், கஞ்சியும் வேண்டாம். வீட்டில் தின்ற மாத்திரை உறைகளையும், அடித்த மருந்தின் டின்னில் ஒட்டியிருக்கிற பெயரையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். தாள் கிடைக்காவிட்டால் உள்ளங்கையில் எழுதினாலும் சரி.